செடி புதராக வேண்டுமா? கவாத்து (கிளை, நுனி வெட்டிவிடுதல்) கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, குரோ பேக்கில் வைத்த செடிமுருங்கை கொடிக்கம்பம் மாதிரி நேராகப் போகிறது. மாடிக் காற்றுக்கு எப்போது ஒடியுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: 75 செ.மீ. வந்ததுமே நுனியைக் கிள்ளியிருக்க வேண்டும், விதை போட்டு இரண்டு மாதத்தில் அந்த உயரம் வந்துவிடும். இப்போது ஆளுயரம் போயிருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இடுப்பளவில் வெட்டிவிடுங்கள். பிகேஎம்-1 என்ற செடிமுருங்கை ரகம் போடும் விவசாயிகள் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு மரத்தையே வெட்டுகிறார்கள், நாலைந்து மாதத்தில் மறுபடி காய் இறங்குகிறது. முருங்கையிடம் பாவம் பார்த்தால் காய் கைக்கு எட்டாது.

கேள்வி: கிள்ளினால் ஏன் கிளை வெடிக்கிறது? நல்ல உரம் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. நுனிக்குருத்தில் ஆக்சின் என்ற ஊக்கி சுரந்து தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது, அது இறங்கும்வரை ஒவ்வொரு இலைக் கக்கத்திலும் உறங்கும் மொட்டு எழுந்திருக்காது. நுனி போனால் அந்தத் தடையும் போகிறது, வெட்டுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று கணுவிலிருந்து துளிர் கிளம்பும். வெட்டாமலும் இதைச் செய்யலாம். கொய்யாவில் நேராக நிற்கும் கிளையை மெதுவாக வளைத்துக் கயிற்றால் கீழே இழுத்துக் கட்டிப் பாருங்கள், கிளை நெடுக புதுத் துளிர் வரும், கொய்யா பூப்பதும் அந்தப் புதுத் துளிரில்தான். உரத்தைத் துளிர் தெரிந்த பிறகு வையுங்கள்.

கேள்வி: தம்பி, ஐந்து வருஷக் குண்டுமல்லி. போன பிப்ரவரியில் வெட்டினேன், சீசனில் பூவே சரியாக இல்லை.

பதில்: அம்மா, வெட்டியது சரி, வெட்டிய மாதம்தான் தப்பு. மல்லிகை புதுக்கிளையில் பூக்கும், அந்தக் கிளை வளர்ந்து முற்ற அவகாசம் வேண்டும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுங்கள், காய்ந்த குச்சி, உள்பக்கம் பின்னிக்கிடக்கும் குச்சி எல்லாம் போகட்டும். பிச்சி வைத்திருந்தால் டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, இரண்டுக்கும் 45 செ.மீ. நானும் ஒரு வருஷம் ‘மழை விடட்டும், பொங்கல் முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டுவிட்டு அந்தச் சித்திரையில் பூவைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

கேள்வி: தக்காளியையும் கிள்ளலாமா?

பதில்: அங்கே கதை தலைகீழ். கொடி மாதிரி நீளும் ரகத்தில் நுனியை விட்டுவிட்டு, இலைக் கக்கத்தில் வரும் பக்கத் துளிரைத்தான் எடுப்பார்கள், இல்லையென்றால் காடாகிவிடும். குட்டை ரகம் தானே புதராகும், கை வைக்காதீர்கள்.

கேள்வி: சுரைக்கொடியில் ஆண் பூவாகவே வருகிறது.

பதில்: தாய்க்கொடியில் அப்படித்தான், பெண் பூ அதிகம் வருவது பக்கக் கொடியில். பந்தல் ஏறியதும் தாய்க்கொடி நுனியைக் கிள்ளுங்கள்.

கேள்வி: வாசலில் தென்னை ரொம்ப உயரமாகிவிட்டது, தலையை வெட்டினால் கிளைக்குமா?

பதில்: ஐயோ, வேண்டாம். அதற்கு இருப்பது ஒரே குருத்து. வெட்டினால் மரமே செத்துவிடும்.

கேள்வி: தினமும் கறிவேப்பிலை பறிக்கிறேன், ஆனாலும் ஒற்றைக் குச்சியாகவே நிற்கிறது.

பதில்: பறிக்கும் விதம்தான் காரணம். எல்லாரும் கீழ் இலையாகப் பார்த்து உருவுகிறோம், நுனியைத் தொடுவதே இல்லை, அதனால் செடி உச்சியில் குடுமி வைத்துக்கொண்டு மேலேயே போகிறது. ஒரு மீட்டர் வந்ததும் தண்டின் நுனியை வெட்டி, அடியிலிருந்து ஐந்தாறு கிளை வரும்படி விடுங்கள். நாளைக்கு ரசத்துக்கு இலையை உருவாமல், நுனியோடு ஒரு கொத்து ஒடியுங்கள்.