60 குதிப்பு முடித்தவர் சிறிய பாராசூட்டுக்கு மாறலாமா? ஸ்கைடைவிங் உண்மையில் எவ்வளவு ஆபத்து?

கேட்டவர் எழுதியிருப்பது இது: அமெரிக்காவில் 60 முறை குதித்தாகிவிட்டது, கையில் இருப்பது 190 சதுர அடி பாராசூட், டிராப் ஸோனில் (குதிப்பவர்கள் விமானம் ஏறி, திரும்பி வந்து இறங்கும் திடல்) எல்லோரும் 150க்கு மாறச் சொல்கிறார்கள், வீட்டில் பயப்படுகிறார்கள், என்ன செய்யலாம்?

150க்கு மாறாதீர்கள். 170ஐப் பற்றி யோசிக்கலாம், அதுவும் சில வேலைகளை முடித்த பிறகு. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி முழுவதும் என் வயிற்றெரிச்சல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்சியாளர் அல்ல. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ.வின் சி லைசென்ஸ் (ஏ, பி, சி, டி என்று ஏறும் படிகளில் மூன்றாவது) வைத்திருக்கும் சாதாரணக் குதிப்பாளி. ஆயிரக்கணக்கில் குதித்தவர்கள் வந்து "இவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்கலாம். கேட்கட்டும். உங்கள் பயிற்சியாளர் உங்களை நேரில் பார்த்துச் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ஆனால் உங்களை மாறச் சொல்லும் அந்த "எல்லோரும்" பயிற்சியாளர்கள் அல்லர் என்று என்னால் பந்தயம் கட்ட முடியும்.

ஆபத்துக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். யு.எஸ்.பி.ஏ. கணக்குப்படி 2023இல் அமெரிக்காவில் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள் நடந்தன, இறந்தவர்கள் 10 பேர். மூன்றரை லட்சம் குதிப்புக்கு ஒரு சாவு என்று சொன்னால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி வரும். ஆனால் அது சராசரி. அதில் உடைந்த காலும் நொறுங்கிய இடுப்பும் கிடையாது. எச்சரிக்கையாகக் குதிப்பவரும் தரையை உரசிக்கொண்டு வித்தை காட்டுபவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். நீங்கள் இவர்களில் யாராக இருக்கப்போகிறீர்கள் என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

வெளியில் இருப்பவர்களுக்குப் பாராசூட் திறக்காமல் போவதுதான் பயம். ஒரு காலத்தில் அந்தப் பயம் நியாயமானது. 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அனுபவசாலிகள் கட்டிக்கொள்ளும் வகை, சுமார் 750 அடி உயரத்தில் நீங்கள் இன்னும் மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பாராசூட்டை, அதாவது ஆபத்துக்கென்று மடித்து வைத்திருக்கும் இரண்டாவதை, தானாகவே திறந்துவிடும். மயங்கிவிட்டாலும், உயரத்தை மறந்துவிட்டாலும் அது பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? திறக்காமல் செத்தவர்கள் குறைந்தார்கள், நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழ் செத்தவர்கள் கணக்கில் மேலே வந்தார்கள். பாராசூட்டைக் கழற்றிவிடும் மூன்று வளைய அமைப்பைக் கண்டுபிடித்த பில் பூத் இதைக் கிண்டலாகவே ஒரு விதியாக்கிவிட்டார்: கருவிகள் எவ்வளவு பாதுகாப்பாகின்றனவோ, அந்த அளவுக்கு மனிதர்கள் துணிச்சலைக் கூட்டிச் சாவுக் கணக்கைச் சமன் செய்துவிடுகிறார்கள் என்று. சிறிய பாராசூட் மோகம் அந்தத் துணிச்சலில் ஒரு வகை.

உங்கள் எடையை நீங்கள் சொல்லவில்லை. 70 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். கருவி, ஹெல்மெட், உடை எல்லாம் சேர்ந்து 12 கிலோ. ஆக 82 கிலோ, அதாவது 181 பவுண்டு. 190 சதுர அடியில் இது சதுர அடிக்கு 0.95 பவுண்டு. இந்த எண் கூடக் கூடப் பாராசூட் வேகமாகும். 150க்குப் போனால் 1.2. பிரையன் ஜெர்மைன் என்ற பாராசூட் வடிவமைப்பாளர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 1.0இல் தொடங்குங்கள், ஒவ்வொரு 100 குதிப்புக்கும் 0.1 கூட்டுங்கள், அதைத் தாண்டாதீர்கள். உங்கள் 60க்கு அது 1.06. கணக்குப் போட்டால் 170 சதுர அடி வருகிறது. நான் சொன்ன 170 வானத்திலிருந்து குதித்ததல்ல.

இந்தக் கணக்கு எனக்கு ஏன் மனப்பாடம் என்றால், இதை வைத்துத்தான் என்னை வருடக்கணக்கில் கேலி செய்தார்கள். நான் ஒல்லி. என் பாராசூட்டுக்கு என் எடை போதாது. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே அது முன்னால் போகாது, நின்ற இடத்தில் நிற்கும், சில சமயம் பின்னோக்கியும் போகும். அதனால் காற்றடிக்கும் நாட்களில் பணம் கட்டிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். "சின்னதாக ஒன்று வாங்கிக்கொள், காற்றை வெட்டிக்கொண்டு போகும்" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. பாராசூட் சிறிதாகும்போது அதன் கயிறுகளும் குட்டையாகின்றன. சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்ற எடைக் கணக்கு ஒன்றாகவே இருந்தாலும் சிறியது வேகமாகத் திரும்பும், ஒரு திருப்பத்தில் அதிக உயரத்தை விழுங்கும். ஒல்லியான பெண்களை அவசரமாகச் சிறியதில் ஏற்றிவிடுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

நான் காத்திருந்த நாட்களில் வேறொன்று செய்தேன். காற்று அடங்கியதும் ஐயாயிரம் அடியில் வெளியேறி உடனே பாராசூட்டைத் திறந்துவிடுவேன். டிக்கெட் விலையும் குறைவு. மூவாயிரம் அடி வரை ஒரே வேலை: பாராசூட்டைத் திருப்பவும் வேகம் குறைக்கவும் உள்ள கைப்பிடிகளான இரண்டு டாகிள்களையும் பாதிவரை இழுத்து அரை பிரேக்கில் வைப்பது, பிறகு ஒன்றை இன்னும் கொஞ்சம் இறக்கி மற்றதைக் கொஞ்சம் ஏற்றுவது. பாராசூட் சாயாமல், தலை குப்புறப் பாயாமல், தட்டையாகத் திரும்பும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். கீழே நின்றவர்கள் என்னை "பாட்டி" என்று அழைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

ஒரு மாலை. தெற்கு கலிபோர்னியா, எங்கே என்பது வேண்டாம். ட்வின் ஆட்டர் விமானம், மேல்காற்று எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. முன்னால் போன குழு வாசலில் நின்று தயாராவதற்குள் விமானம் வெகுதூரம் போய்விட்டது. பாராசூட் திறந்து நிமிர்ந்து பார்த்தால் டிராப் ஸோன் சாலைக்கு அப்பால் இருக்கிறது. இறங்கும் இடம் எட்டுமா எட்டாதா என்று அறிய ஒரு வழி உண்டு: அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அது பார்வையில் மேலே ஏறிக்கொண்டே போனால் எட்டாது. விமானக் கொட்டகையின் தகரக் கூரை என் ஷூ நுனியிலிருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டே போனது. இரண்டாயிரம் அடியிலேயே அதை மறந்துவிட்டு, இந்தப் பக்கம் உழுது போட்டிருந்த வயலை எடுத்துக்கொண்டேன். மேற்கு ஓரத்தில் மின்கம்பங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களைத்தான் எண்ண வேண்டும்.

நூறு அடி உயரம் இருக்கும்போதுதான் அது தெரிந்தது: வயலின் குறுக்கே சக்கரம் வைத்த நீர்ப்பாசனக் குழாய், மண்ணின் நிறத்திலேயே. கைகள் யோசிக்கவில்லை. அரை பிரேக், வலது கொஞ்சம் கீழே. பாராசூட் தட்டையாகத் திரும்பியது. காற்றுக்குக் குறுக்காக இறங்கி, உருண்டு, வாயெல்லாம் மண்.

எனக்குப் பின்னால் அதே வயலுக்கு வந்தவர் ஒரு நண்பர். என்னைக் கேலி செய்தவர் அல்ல. எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுக்கும் மனிதர். 80 கிலோ எடை, நூறு குதிப்பு அளவில் அனுபவம், தலைக்கு மேலே 150 சதுர அடி. கருவியோடு 203 பவுண்டு. சதுர அடிக்கு 1.35. ஜெர்மைன் கணக்குப்படி அவர் 185இல் இருந்திருக்க வேண்டும். குழாயை விலக்கச் சுற்றிக்கொண்டு வந்ததில் காற்று அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. தரை வேகமாக ஓடுவதைப் பார்த்தார். எதிர்க்காற்றில்தான் இறங்க வேண்டும் என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இடது டாகிளை இடுப்புவரை இழுத்தார்.

பாராசூட் படுத்தது. அவர் வெளிப்பக்கம் வீசப்பட்டு, ஊசலாடிக் கீழே வருவதற்குள் தரை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இடது கை அந்த டாகிளை இன்னும் இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, அவரை அசைக்கவும் இல்லை. காற்று மறுபடி நிரப்பி இழுத்துப் போய்விடாமல் அவருடைய பாராசூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன். தொடை எலும்பும் இடுப்பும். பிழைத்துவிட்டார், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், இப்போது குதிப்பதில்லை.

அன்று அவருடைய பாராசூட்டில் ஒரு குறையும் இல்லை. ரிசர்வ் நன்றாக மடித்திருந்தது. சைப்ரஸ் வேலை செய்துகொண்டிருந்தது, ஆனால் திறந்த பாராசூட்டின் கீழ் கடைசி நொடியில் திரும்புபவரை அது காப்பாற்றாது. மாலையில் எல்லோரும் "துரதிர்ஷ்டம், காற்று மாறிவிட்டது" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது? அந்த 150ஐ அவருக்கு விற்றவர் அங்கேயே பீர் குடித்துக்கொண்டிருந்தார். "சீக்கிரம் பழகிவிடும்" என்று சொல்லி விற்றதை நானே கேட்டிருக்கிறேன். எதில் பழகுவது? தரையிலா?

எதிர்க்காற்றில் இறங்குவது நல்லதுதான். ஆனால் அது முதல் விதி அல்ல. யு.எஸ்.பி.ஏ. கையேடு சொல்லும் வரிசை வேறு: முதலில் பாராசூட் சாயாமல் சமமாக இருக்கட்டும். அடுத்து திறந்த இடம், தடையில்லாத பாதை. பிறகு அரை பிரேக்குக்காவது ஃப்ளேர் செய்யுங்கள், அதாவது தரையைத் தொடும் முன் இரண்டு டாகிள்களையும் சேர்த்து இழுத்து வேகத்தைக் குறையுங்கள். கடைசியில் கால்களைச் சேர்த்து உருளத் தயாராகுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளினாலும் நேராக இறங்கி உருண்டவர் பெரும்பாலும் சிராய்ப்போடு எழுந்துவிடுவார். நீங்கள் பி லைசென்ஸுக்குப் போகும்போது பாராசூட் ஓட்டும் பயிற்சி கட்டாயம். அதைக் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் தொடர்பில்லாத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில், பொங்கல் விழாவுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வரைபடமெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். மேடையேறும் முன் "மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள், செங்கல்பட்டுப் பக்கம் மனை விற்பவர் விளம்பரதாரராம், அவர் இருபது நிமிடம் பேசினார். அறிமுகத்தில் என்னை வீராங்கனை என்றார்கள். கேள்வி நேரத்தில் பொருளாளர் எழுந்து, "உங்கள் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிறாரா?" என்று கேட்டார். அதே மேடையில் மலையேறிவிட்டு வந்த ஆணிடம் யாரும் அவருடைய மனைவி ஒத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை. சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டேன். சரி, விடுங்கள்.

170க்கு மாறும் முன் உங்கள் 190இல் இவற்றைச் செய்து காட்ட முடியுமா என்று பாருங்கள். ஐம்பது அடி உயரத்தில் தட்டையாக 90 பாகை திரும்புதல். ஃப்ளேர் செய்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் திசை மாற்றுதல். காற்றே இல்லாத நாளிலும், குறுக்குக் காற்றிலும் நின்று இறங்குதல். குறித்த இடத்தின் பத்து மீட்டர் சுற்றுக்குள் திரும்பத் திரும்ப இறங்குதல். முதல் இரண்டையும் உயரத்தில் நூறு தடவை பழகிய பிறகு, பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கீழே கொண்டுவாருங்கள். "பெரிய பாராசூட்டில் இதெல்லாம் எதற்கு" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பெரியதில் வராதது சிறியதில் எப்படி வரும் என்று திருப்பிக் கேளுங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டும் ஆசை இருந்தால், அதற்கு யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைப்பது 200 குதிப்பு. இறக்கை வைத்த உடையான விங்சூட்டுக்கும் அதே 200, அது பரிந்துரைகூட இல்லை, விதி.

வீட்டைப் பற்றி. என் அம்மா இன்றும் 2014இல் சேலம் விமான நிலையத்தில் பெங்களூர்ப் பெண் ஒருவர் குதித்து இறந்த செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், புதிதாக நடந்ததுபோல. "ஒன்றும் ஆகாது அம்மா" என்று நான் சொல்வதில்லை. என் பாராசூட் எத்தனை சதுர அடி, ரிசர்வை 180 நாளுக்கு ஒரு முறை உரிமம் பெற்றவர் பிரித்து மடிக்கிறார், காற்று எவ்வளவுக்கு மேல் போனால் நான் ஏறமாட்டேன் என்பதையெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். இப்போது வார இறுதியில் போன் செய்தால் "அங்கே காற்று எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்கிறார். பதினைந்து மைல் என்றால், "அப்போ இன்று உட்கார்ந்திரு" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

உங்கள் எடையையும் இப்போதைய பாராசூட்டின் மாடலையும் கீழே எழுதுங்கள், சரியான கணக்குப் போட்டுத் தருகிறேன். துபாயில் ஒரே ஒரு முறை பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு டேண்டம் போய்விட்டு வந்தவர்கள் அந்தக் கணக்கில் திருத்தம் சொல்ல வேண்டாம்.