பில்லி த கிட் இடதுகைக்காரரா?

இல்லை, உங்கள் கட்டுரையில் சேர்க்க நினைக்கும் அந்தப் பழைய புகைப்படத்தை வைத்து, அமெரிக்கக் கொள்ளையரான பில்லி த கிட்டை இடதுகைக்காரர் என்று சொல்ல முடியாது. அதில் துப்பாக்கி உறை அவர் இடுப்பின் இடப்பக்கம் தெரிவதாக எழுதியிருந்தீர்கள். படமே இடம் வலமாக மாறியிருக்கிறது, அதுதான் காரணம்.

1879-80 வாக்கில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் எடுத்த டின்டைப் என்ற பழைய வகைப் புகைப்படம் அது. நெகடிவ் கிடையாது, மெல்லிய இரும்புத் தகட்டிலேயே நேராகப் படம் விழும். அதனால் கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாமே புரண்டுதான் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் பல தலைமுறைகள் அவரை இடதுகைக்காரர் என்றே நம்பிவிட்டன. பாவம், 1881 ஜூலை 14 அன்று ஷெரிப் (காவல் அதிகாரி) பாட் காரெட் சுட்டு இறந்தபோது அவருக்கு இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான். மறுத்துச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம்:

1. படத்தைப் பெரிதாக்கி, அவர் கையில் பிடித்திருக்கும் 1873 மாடல் வின்செஸ்டர் நீளத் துப்பாக்கியைப் பாருங்கள்.
2. அதில் தோட்டா நுழைக்கும் வாய் துப்பாக்கியின் வலப்பக்கம் மட்டும்தான் உண்டு. படத்தில் அது துப்பாக்கியின் இடப்பக்கம் இருப்பதாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது புரண்ட படம்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஏற்கெனவே திருப்பிச் சரிசெய்த பிரதிகளும் உலவுகின்றன. அதை மறுபடி திருப்பினால் பழைய தவறே திரும்பி வரும். கட்டுரையில் சேர்ப்பதற்கு முன் அந்தத் தோட்டா வாயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.