பித்தப்பைப் புற்றுநோய்: கத்தி எதுவரை போக வேண்டும்?

கேள்வி: டாக்டர், அம்மாவுக்குக் கல் என்றுதான் லேப்ரோஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் கேன்சர், டி2 என்று வந்திருக்கிறது. பையைத்தான் எடுத்தாயிற்றே, மறுபடி எதற்கு ஆபரேஷன்?

பதில்: பித்தப்பையின் ஒரு பக்கம் கல்லீரலோடு ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் மட்டும் மேலுறை கிடையாது. கல்லுக்காக எடுக்கும்போது தசையடுக்கை ஒட்டியே பையை உரித்துவிடுவோம். கல்லுக்கு அது போதும். டி2 என்றால் நோய் அந்தத் தசையைத் தாண்டிவிட்டது. அப்படியானால் உரித்த இடத்திலேயே கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதனால் பை இருந்த இடத்துக் கல்லீரலில் 2, 3 செ.மீ. ஆழத்துக்கு எடுத்து, பித்தநாளத்தையும் ரத்தக்குழாய்களையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றுவார்கள். குறைந்தது 6 முடிச்சுகளாவது கிடைத்தால்தான் நோய் எவ்வளவு பரவியது என்று நம்பிச் சொல்ல முடியும். முதல் ஆபரேஷனிலிருந்து 4 முதல் 8 வாரத்துக்குள் செய்வது நல்லது. முதல் ஆபரேஷன் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். பை கிழிந்து பித்தநீர் உள்ளே சிந்தியதா என்பது அதில்தான் இருக்கும், அது முக்கியம்.

கேள்வி: என் மனைவிக்கு டி1ஏ என்று வந்திருக்கிறது. அவருக்கும் இதே ஆபரேஷனா?

பதில்: தேவையில்லை. டி1ஏ என்றால் நோய் இன்னும் தசைக்குள் போகவில்லை. வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்து, பை கிழியாமல் வந்திருந்தால் எடுத்ததே சிகிச்சை. ஆனால் பயாப்சி ஸ்லைடை, அதாவது திசுவை வைத்த கண்ணாடித் துண்டை, இன்னொரு நோயியல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். நோய் தசைக்குள் நுழைந்திருந்தால் அது டி1பி, அதற்குப் பெரிய ஆபரேஷன்தான்.

கேள்வி: கல்லீரலை வெட்டினால் ஆளே படுத்துவிட மாட்டாரா?

பதில்: மாட்டார். எடுப்பது சிறு துண்டு. நல்ல கல்லீரலுக்கு அது ஒன்றுமே இல்லை.

கேள்வி: லேப்ரோஸ்கோபி துளை போட்ட இடங்களையும் வெட்டி எடுக்க வேண்டுமாமே?

பதில்: முன்பு எடுத்தோம். அதனால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தபின் வழக்கமாக எடுப்பதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு மஞ்சள் காமாலையோடு கட்டி தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், ஸ்டென்ட் போதும் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

பதில்: இல்லை. காமாலை வந்தால் பெரும்பாலும் கட்டி பித்தநாளத்தை அடைத்திருக்கும். அந்த நிலையில் முழுதாக எடுக்க முடிவது சிலருக்கே. மிச்சம் வைத்து வெட்டினால் நோயாளிக்கு வலிதான் லாபம். அடைத்த பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துப் பித்தத்தை இறக்கி, பயாப்சி எடுத்து, ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகளைக் கொடுப்பார்கள். கட்டி நன்றாகச் சுருங்கிய சிலருக்கு அப்புறம் ஆபரேஷன் பேசுவதும் உண்டு.

கேள்வி: எனக்குக் கல் இருக்கிறது, தொந்தரவு இல்லை. பயத்தில் எடுத்துவிடலாமா?

பதில்: கல் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் 3 செ.மீ.க்கு மேல் கல், 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் பாலிப் (பையின் உட்சுவரில் வளரும் சதை), பையின் சுவரில் சுண்ணாம்புப் படிவு, இதில் ஏதாவது இருந்தால் சர்ஜனைப் பாருங்கள். எடுத்தால், பையைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். கல்லைப் பாட்டிலில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறவர்கள், பை எங்கே போயிற்று என்று கேட்பதே இல்லை.