மங்கூஸா, வெறும் டிரைவரா?

கேள்வி: "நோட் ஜேஎஸ்-இல் எழுதும் செயலியை மோங்கோடிபியோடு இணைக்க மங்கூஸ் லைப்ரரி போடலாமா, மோங்கோடிபி தரும் டிரைவரே போதுமா?"

மோங்கோடிபி ஒரு தரவுத்தளம். நோட் ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுவது. இரண்டையும் நேரடியாக இணைப்பது டிரைவர். அந்த டிரைவருக்கு மேல் உட்கார்ந்து, தரவை ஒரு ஸ்கீமாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மங்கூஸ். ஸ்கீமா என்றால் ஒரு பதிவில் என்னென்ன புலங்கள் (பெயர், முகவரி போன்ற தனித்தனி விவரங்கள்) இருக்கலாம் என்ற வரையறை. இது உங்கள் முதல் செயலி, தனியாக எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மங்கூஸ் போடுங்கள். ஆனால் முதல் வேலையாக ஸ்கீமாவில் 'ஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்பை 'த்ரோ' (பிழை காட்டி நிறுத்து) ஆக்கிவிடுங்கள். பட்டுத் தெரிந்துகொண்டது இது.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். எங்கள் தெருக் கோவிலின் பழைய உறுப்பினர் நோட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். அவற்றில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் இருக்கும்: அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் ஒன்று, பக்கத்திலேயே பெரியவர்கள் கைப்பட எழுதிய தமிழ்ப் பெயர். ஆறு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எக்செல்லில் அடித்தேன். ஏற்றும் நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. தைப்பூசக் காவடிக்கு அர்ச்சனைப் பட்டியல் அச்சடிக்கப் போனால் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை.

ஸ்கீமாவில் தமிழ்ப் பெயருக்கான புலத்தைச் சேர்க்க மறந்திருக்கிறேன். ஸ்கீமாவில் இல்லாததை மங்கூஸ் வழக்கமாகச் சேமிக்காமல் விட்டுவிடும், சொல்லவும் சொல்லாது. 'த்ரோ' இருந்திருந்தால் முதல் பதிவிலேயே பிழை காட்டி நின்றிருக்கும்.

மறுபடி டிரைவர் வழியாகவே ஏற்றினேன். கொடுத்ததை அப்படியே எழுதியது. மூன்று பதிவுகளில் புலத்தின் பெயரையே நான் தப்பாக அடித்திருந்தேன், அதையும் சேர்த்துத்தான். 2017-இல் வந்த மோங்கோடிபி 3.6 பதிப்பிலிருந்து, பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா விதிகளைத் தரவுத்தளத்திலேயே வைக்கலாம். டிரைவர் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் அதைக் கட்டாயம் வையுங்கள்.

"எல்லாம் ஆவணத்திலேயே இருக்கிறது, படிக்காதது உன் தப்பு" என்று யாராவது எழுதுவீர்கள். சரி, என் தப்புதான். மங்கூஸை நான் குறை சொல்லவில்லை, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் தொலைந்தது வேறு புலமாக இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

1860-இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக முதல் ஆட்கள் ட்ரூரோ கப்பலில் இங்கே வந்து இறங்கிய காலத்திலிருந்தே எழுத்தர் காதில் விழுந்ததுதான் எங்களுக்குப் பெயர். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். என் தாத்தாவுக்கு அவருடைய அப்பாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. தாத்தாவின் பெயர் அவர் சொன்னபடியே இருப்பது அந்தக் கோவில் நோட்டில் மட்டும்தான். இன்றைக்கும் இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போக விடுவதில்லை.

அதனால் நீங்கள் எந்த லைப்ரரி எடுத்தாலும், குடும்பப் பெயர் புலத்துக்கு மட்டும் 'ரெக்வயர்டு' (கட்டாயம் நிரப்ப வேண்டும்) போடாதீர்கள்.