கேஷை 500 எம்பி ஆக்கினேன், கோடி (Kodi) பிளேயரே மூடிக்கொள்கிறது

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர்தான். ஹாலில் டிவியோடு 4 ஜிபி ரேம் உள்ள பழைய மினி கணினி ஒன்றை மாட்டியிருக்கிறேன். இரவு எட்டரைக்கு மேல் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அறையில் உள்ள கணினியிலிருந்து தங்கையின் கல்யாண வீடியோவை வைஃபை வழியாகக் கோடி என்ற வீடியோ பிளேயரில் போட்டாலும் திக்குகிறது. நண்பர் சொன்னார் என்று கோடியின் கேஷை, அதாவது வீடியோவை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் இடத்தை, 500 எம்பி ஆக்கினேன். இப்போது பாதியில் கோடியே மூடிக்கொள்கிறது. பிரவுசர் கேஷையும் அழித்துப் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?"

முதலில் அந்த 500-ஐக் குறையுங்கள். கோடியின் பழைய பதிப்புகள் நாம் கொடுக்கும் அளவைப்போல் மூன்று மடங்கு ரேமைப் பிடித்துக்கொள்ளும். அதாவது 1500 எம்பி. விண்டோஸ் தன் பங்கை எடுத்தபின் 4 ஜிபியில் அவ்வளவு ஏது? 100 எம்பி தாராளம். கோடி 21 போட்டிருந்தால் செட்டிங்ஸ், சர்வீசஸ், கேஷிங் என்று போய் அங்கேயே மாற்றலாம்.

லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழாயில் தண்ணீர் வரும்போது டிரம்மில் பிடித்து வைப்போம். டிரம்மைப் பெரிதாக்கினால் குழாய் வேகமாகக் கொட்டாது. கேஷும் அந்த டிரம் மாதிரிதான். கோடியின் டிரம் வழக்கமாக 20 எம்பி. 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்; 8 பிட் ஒரு பைட் என்பதால் நொடிக்கு 1 எம்பி) வீடியோவுக்கு அது 20 நொடி தாங்கும். கல்யாண வீடியோ 4கே-யில் 50 எம்பிபிஎஸ் என்றால் மூன்றே நொடி. 100 எம்பி ஆக்கினால் 16 நொடி. வைஃபை கொஞ்சம் தடுமாறினால் சமாளிக்கலாம். ஆனால் வைஃபை தருவதே 30 எம்பிபிஎஸ்தான் என்றால், முன்பு நின்றது இப்போது சற்றுத் தாமதித்து நிற்கும், அவ்வளவுதான்.

கவனித்தீர்களா, கல்யாண வீடியோ இணையத்துக்கே போவதில்லை. அதனால் 4ஜி-யைத் திட்டிப் பயனில்லை. இரண்டு கணினியும் வைஃபையில் இருப்பதால் ஒவ்வொரு துளியும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: அறையிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து ஹாலுக்கு. ஒரு கணினிக்காவது லேன் கேபிள் போட்டால் அந்தச் சுமை பாதியாகும். இரண்டுக்கும் போட்டால் பிரச்சினையே இல்லை. கேபிள் வாங்குமுன் ஒரு சோதனை: வீடியோவை பென்டிரைவில் போட்டு மினி கணினியில் நேராக ஓட்டுங்கள். (4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஃபேட்32 ஃபார்மட்டில் உள்ள பென்டிரைவ் ஏற்காது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்யுங்கள்.) அப்போதும் திக்கினால் குற்றவாளி வைஃபை இல்லை, கணினிக்கு 4கே-யைப் பிரித்துக் காட்டும் தெம்பு இல்லை.

யூடியூபுக்கும் இதே கேள்விதான்: தடை இணைய வரத்திலா, கணினியிலா? வீடியோ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறங்கள். ‘பஃபர் ஹெல்த்’ (முன்கூட்டிச் சேர்ந்திருக்கும் வீடியோ எத்தனை நொடி என்ற எண்) சரிந்து பூஜ்யத்தைத் தொட்டால் வரத்துக் குறைவு. அது 20, 30 நொடி நிறைவாக இருக்கும்போதே ‘டிராப்ட் ஃபிரேம்ஸ்’ (காட்டாமல் தவறவிட்ட படங்கள்) ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது. யூடியூபின் 4கே, விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வடிவில் வரும். இன்டெல்லில் விபி9-ஐச் சிப்பே முழுதாகப் பார்த்துக்கொள்வது 7-ஆம் தலைமுறையிலிருந்து. ஏவி1 என்றால் 11-ஆம் தலைமுறை. அதற்கும் பழையது என்றால் 1080பி-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு எட்டரைக்கு மேல்தான் தொல்லை என்பதால் வரத்துக் குறைவு என்றே எனக்குப் படுகிறது. அந்நேரம் ஒரே டவரை ஊரே பங்கு போடுகிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் 1080பி-க்குக் கேட்பதே 5 எம்பிபிஎஸ்தான், 4கே-க்கு 15. அந்நேரம் வேகத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் 720பி-க்கு இறங்குங்கள். பிரவுசர் கேஷை அழிப்பதை விடுங்கள். யூடியூப் முன்கூட்டிச் சேர்த்த வீடியோ அந்தப் பக்கத்தை மூடியதுமே போய்விடும். வட்டு நிரம்பி வழிந்தால் மட்டும் அழிக்கலாம்.

அப்புறம் ரவுட்டர். பலர் அதை டிவிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ‘ஆர்எஸ்ஆர்பி’ என்ற எண் இருக்கும், டவர் சிக்னலின் வலிமை அது. -90-க்கு அருகே இருந்தால் நல்லது, -110-க்கும் கீழே (-115, -120 என்று) போனால் மோசம். அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சன்னலாக வைத்துப் பாருங்கள். செம்பனை மரங்களும் நனைந்த இலைகளும் சிக்னலை மட்டுப்படுத்தும், அதனால் மழை நாளில் ஒரு முறையும் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.