கேளுங்கள் சொல்கிறோம்: சராசரி எடுத்தும் அடங்காத இரைச்சல்

கேள்வி: ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்) கணினியில் செருகி, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலியாளர்களின்) பட்டையில் யாராவது பேசுகிறார்களா என்று நிரல் எழுதிப் பார்க்கிறேன். யாரும் இல்லாதபோதும் ‘சிக்னல் உண்டு’ என்கிறது. 100 முறை சராசரி எடுத்தும் இரைச்சல் இறங்கவில்லை. 144.000-இல் எந்நேரமும் ஒரு கோடு வேறு நிற்கிறது.

பதில்: கோட்டை முதலில் முடித்துவிடுவோம். டாங்கிளுக்குள் தாளம் தரும் குவார்ட்ஸ் படிகம் துடிப்பது 28.8 மெகாஹெர்ட்ஸில், அதன் ஐந்து மடங்கு சரியாக 144. ஆன்டெனாவைக் கழற்றியும் கோடு நின்றால் அது உள்ளே பிறந்த சரக்கு. ஃபில்டருக்குக் காசு செலவழிக்காமல், அந்த ஒன்றிரண்டு கட்டங்களை (நிரல் பட்டையைப் பிரித்துப் பார்க்கும் சிறு அலைவரிசைத் துண்டுகளை) நிரலில் விலக்கிவிடுங்கள்.

சராசரி, இரைச்சலின் மட்டத்தை, அதாவது அதன் சராசரித் திறனை, இறக்காது; அதன் துள்ளலைத்தான் அடக்கும். நூற்றுக்கு ஒரு பொய் எச்சரிக்கை போதுமென்றால், ஒரே அளவீட்டில் வரம்பை (இதைத் தாண்டினால் ‘சிக்னல் உண்டு’ என்னும் எல்லையை) மட்டத்துக்கு 6.6 டெசிபல் மேலே வைக்க வேண்டும்; டெசிபல் என்பது திறன் விகிதத்தின் லாக் அளவு. 100 அளவீடுகளின் சராசரிக்குச் சுமார் 1 டெசிபல் போதும். ஆனால் 1024 கட்டங்களில் நூற்றுக்கு ஒன்று என்றால் ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பொய்! விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகள் எடுத்தால் ஒரு கட்டம் 2.34 கிலோஹெர்ட்ஸ். குறுகிய எஃப்எம் பேச்சு நாலைந்து கட்டங்களை நிரப்பும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஐந்து கட்டங்களின் திறனைக் கூட்டி, அந்தக் கூட்டலை, ஐந்து கட்டங்களின் இரைச்சலையும் கூட்டி அதற்கு மேலே வைத்த வரம்போடு ஒப்பிடுங்கள்; துள்ளல் இன்னும் அடங்குவதால் பொய்யும் குறையும்.

சராசரியைத் திறனில் எடுங்கள், டெசிபலில் வேண்டாம். டெசிபலில் எடுத்தால் இரைச்சல் 2.5 டெசிபல் தாழ்வாகத் தெரியும். இரைச்சல் மட்டத்தை டெசிபல் சராசரியிலும் சிக்னலைத் திறன் சராசரியிலும் கணக்கிட்டால், 1 டெசிபல் வரம்பை வெறும் இரைச்சலே தாண்டிவிடும். உங்கள் நிரலில் எங்களுக்கு முதல் சந்தேகம் இதில்தான்.

தானியங்கி கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை டாங்கிளே மாற்றிக்கொள்வதை) அணைத்து, டாங்கிள் சூடேறிய பிறகு மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். மட்டத்தில் 1 டெசிபல் நிச்சயமின்மை இருந்தாலே, இரைச்சலைவிட 3.3 டெசிபலுக்கும் கீழே கிடக்கும் சிக்னலை எத்தனை நேரம் சராசரி எடுத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இதற்குப் பிறகும் புதுக் கோடுகள் முளைத்தால், ஆன்டெனா பக்கம் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) மாட்டுங்கள். உண்மையான சிக்னல் 10 டெசிபல்தான் குறையும்; அதைவிட நிறையக் குறைந்தால் அது பக்கத்து எஃப்எம் நிலையங்கள் போன்ற பலத்த சிக்னல்கள் டாங்கிளைத் திணறடித்துப் பிறந்த போலி. 88–108 மெகாஹெர்ட்ஸைத் தடுக்கும் ஃபில்டரை அப்போது வாங்கினால் போதும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் மட்டம் இறங்கினால், குற்றவாளி அதுதான். யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) மாட்டி, டாங்கிளைக் கணினியிலிருந்து தள்ளி வையுங்கள்.