அந்த லேபிள் எதற்குச் சான்று? வாசகர் கேள்விகள்

குழந்தைக்கு வாங்கிய சட்டையில் 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' என்று போட்டிருக்கிறது. ஆர்கானிக் பருத்திதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பாலியஸ்டர் சட்டைக்கும் இதே முத்திரை கிடைக்கும். 1992-ல் வந்த இந்தச் சான்று, தயாரான உடையில் தீங்கான ரசாயனம் வரம்பைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. துணியோடு தையல் நூல், பட்டன், ஜிப் எல்லாம் சோதனைக்குப் போகும். 3 வயது வரையுள்ள பிள்ளைகளின் உடைக்குத்தான் கெடுபிடி அதிகம். தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதே உங்கள் கவலை என்றால் தாராளமாக நம்பலாம். செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள், தைத்தவருக்கு என்ன கூலி என்பதெல்லாம் அதன் வேலை இல்லை.

இரண்டு டி-ஷர்ட்டிலும் 'கோட்ஸ்' (GOTS, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை. ஒன்றில் 'ஆர்கானிக்', இன்னொன்றில் 'மேட் வித் ஆர்கானிக்'. என்ன வித்தியாசம்?

முதலாவதில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை. இரண்டாவதில் 70 போதும். சாயம், கழிவுநீர், குழந்தைத் தொழிலாளர் தடை ஆகிய விதிகள் இரண்டுக்கும் ஒன்றுதான். பஞ்சிலிருந்து உடை வரை, நூற்பாலை, சாயப்பட்டறை, தையல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும்.

முத்திரையின் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை கோட்ஸ் இணையதளத்தில் தேடலாம். வருகிற பெயர் காலரில் இருக்கும் பிராண்டாக இல்லாவிட்டால் பதற வேண்டாம். தைத்துக் கொடுத்த நிறுவனமாக இருக்கலாம். எண்ணே இல்லாமல் பச்சை இலை படம் மட்டும் இருந்தால் அது வெறும் அலங்காரம்.

ஃபேர்டிரேட் பருத்தி முத்திரை இருந்தால் தையல்காரருக்கும் நியாயமான கூலி கிடைத்திருக்குமா?

அது பருத்தி விவசாயிக்கான முத்திரை. தையல் கூடத்துக் கூலிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

'ரீசைக்கிள்டு' என்றால் முழுக்க மறுசுழற்சியா?

எந்த முத்திரை என்று பாருங்கள். மறுசுழற்சி இழைக்கு இரண்டு சான்றுகள் உண்டு. ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்டு) லேபிளுக்குக் குறைந்தது 50 சதவீதம் வேண்டும், ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்டு) முத்திரைக்கு 5 சதவீதமே போதும்! லேபிளில் சதவீதம் அச்சாகியிருக்கும், அதைத் தேடுங்கள். அப்புறம், பாட்டிலிலிருந்து வந்த பாலியஸ்டரும் பாலியஸ்டர்தான். துவைக்கும்போது நுண்ணிழை உதிர்வதை எந்த முத்திரையும் நிறுத்தாது.